திருவருகைக் காலத்தில் காத்திருப்பது எப்படி

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு ஆயத்தமாகும் வாரங்களான திருவருகைக் காலத்துக்குள் நுழையும் முன் அது எத்தனை நாள் நீடிக்கும் என்பதை நாட்காட்டியில் எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். நவம்பர் 30 புனித அந்திரேயாவின் திருநாள். அந்த நாளுக்கு மிக அருகில் வரும் ஞாயிறே இக்காலத்தின் முதல் ஞாயிறு. ஆகவே அது நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடைப்பட்ட ஏதேனும் ஒரு நாளில் அமையும். கிறிஸ்து பிறப்பு விழா திங்கட்கிழமையில் வந்தால் காத்திருப்பு 22 நாளில் முடிந்துவிடும்; ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் 28 நாள் நீளும். 2022ஆம் ஆண்டில் முழுமையாக 28 நாள்கள் கிடைத்தன. மறு ஆண்டிலோ நான்காம் ஞாயிறே டிசம்பர் 24ஆக அமைந்துவிட்டதால், காலையில் நான்காம் வாரத்துக்குரிய மெழுகுதிரியை ஏற்றியவர்கள் அன்றிரவே பிறப்பு விழாத் திருப்பலிக்குப் புறப்பட வேண்டியிருந்தது. 2026இல் நவம்பர் 29 முதல் டிசம்பர் 24 வரை 26 நாள்கள் கிடைக்கும்.

இந்தக் கணக்கு எதற்கு என்று தோன்றலாம். முடிவு தெரிந்த காத்திருப்பு ஒரு வகை, முடிவு தெரியாத காத்திருப்பு வேறொரு வகை. வாழ்வில் நம்மை வாட்டி எடுப்பது இரண்டாம் வகைதான்: மருத்துவரின் முடிவு, வேலைக்கான அழைப்பு, பிரிந்துபோன பிள்ளையின் ஒரு சொல். திருவருகைக் காலத்துக்கு முதல் நாளும் உண்டு, கடைசி நாளும் உண்டு. நீந்தக் கற்பவர் ஆழம் தெரிந்த நீரில் இறங்கிப் பழகுவதுபோல, முடிவு தெரிந்த இந்தச் சில வாரங்களில் பழகிக்கொண்டால்தான் முடிவு தெரியாத காத்திருப்புகளில் கைகால் உதறாமல் இருக்க முடியும். இக்காலத்தை ஒரு பயிற்சியாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வது இந்தப் பொருளில்தான்.

நான்கு வாரம் நீளமாகத் தோன்றினால், திருச்சபையின் பிற மரபுகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஐந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கால் நாட்டின் (இன்றைய பிரான்ஸ்) தூர் நகர ஆயராக இருந்த பெர்பெத்துவுஸ், புனித மார்ட்டின் திருநாளான நவம்பர் 11 தொடங்கிக் கிறிஸ்து பிறப்பு வரை வாரத்துக்கு மூன்று நாள் நோன்பிருக்க விதித்தார். மிலான் நகரின் அம்புரோசு வழிபாட்டு முறையில் இன்றும் திருவருகைக் காலம் ஆறு வாரம். பைசாந்திய மரபைச் சேர்ந்த கிழக்குத் திருச்சபைகள் நவம்பர் 15 முதல் 40 நாள் நோன்பு காக்கின்றன. ஆகவே நமக்குக் கிடைத்திருப்பது குறுகிய வடிவமே.

எதற்காகக் காத்திருக்கிறோம் என்று எழுதி வையுங்கள்

பலருக்கு இக்காலம் கைகூடாமல் போவதற்குக் காரணம் பொறுமைக் குறைவு அன்று. எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதில் தெளிவின்மையே. இயேசு இன்னும் பிறக்கவில்லை என்று நான்கு வாரம் பாவனை செய்வதுதான் திருவருகைக் காலம் என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி நினைத்தால் இரண்டாம் வாரத்திலேயே சலிப்புத் தட்டிவிடும். ஏனெனில் முடிவு தெரிந்த நாடகத்தில் எவரும் உண்மையாகக் காத்திருப்பதில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கிளேர்வோ மடத்தின் தலைவராக இருந்த புனித பெர்நார்து ஆண்டவரின் வருகையை மூன்றாகப் பிரித்துச் சொன்னார். முதலாவது, மனித உடலில், பலவீனத்தில் வந்த வருகை. கடைசியானது, மாட்சியோடு வரவிருக்கும் வருகை. இவ்விரண்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாமல் ஒவ்வொருவர் உள்ளத்திலும் நிகழும் வருகை ஒன்று உண்டு. முதலாவதை நாம் நினைவுகூர்கிறோம். மற்ற இரண்டுக்காக உண்மையாகவே காத்திருக்கிறோம்.

திருவழிபாடும் இந்த வரிசையிலேயே நம்மை நடத்திச் செல்கிறது. டிசம்பர் 16 வரை வாசகங்களும் மன்றாட்டுகளும் பெரும்பாலும் இறுதி வருகையை நோக்கியிருக்கும். 17ஆம் நாளிலிருந்துதான் அவை பெத்லகேமை நெருங்கும். முதல் ஞாயிறன்று மாட்டுத் தொழுவத்தை எதிர்பார்த்து ஆலயத்துக்குப் போகிறவருக்கு வியப்புத்தான் காத்திருக்கும். ஞாயிறு நற்செய்திகள் மூன்று ஆண்டுச் சுழற்சியில் மாறி வருகின்றன: மத்தேயு வாசிக்கப்படும் ஆண்டில் நோவா காலத்து வெள்ளமும் இரவில் வரும் திருடனும், மாற்கு வாசிக்கப்படும் ஆண்டில் விழித்திருக்கும் வாயில் காவலரும், லூக்கா வாசிக்கப்படும் ஆண்டில் கடலின் கொந்தளிப்பும் அன்றைய நற்செய்தியில் வருகின்றன. குழந்தையைப் பற்றிய பேச்சே இராது.

ஆகவே முதல் ஞாயிறுக்கு முந்தைய மாலையில் ஒரு தாளை எடுத்து இரண்டு வரி எழுதுங்கள். முதல் வரியில், இந்த ஆண்டு நீங்கள் வாழ்வில் எதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பதை ஒளிக்காமல் எழுதுங்கள். அது கடன் தீர்வதாக இருக்கலாம், குழந்தைப் பேறாக இருக்கலாம், ஒரு மன்னிப்பாக இருக்கலாம். இரண்டாம் வரியில், ஆண்டவர் வந்தால் உங்கள் வாழ்வின் எந்த அறைக்குள் அவர் வருவதை விரும்புவீர்கள் என்பதை எழுதுங்கள். இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கேட்டது கிடைப்பதுதான் ஆண்டவரின் வருகை என்று நினைத்தால் கிடைக்காதபோது அவர் வரவில்லை என்றாகிவிடும். இரண்டையும் முற்றிலும் பிரித்துவிடவும் வேண்டாம். அன்றாடக் கவலையைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டுச் செய்யும் செபத்தில் பாதி மனம்தான் இருக்கும். தாளை மடித்து விவிலியத்துக்குள் வைத்துவிடுங்கள். தினமும் எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை.

காத்திருத்தல் என்ற சொல்லை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. காத்து இருத்தல் அது. காப்பது ஒரு வேலை. பயிரைக் காப்பவனும் கதவைக் காப்பவனும் சும்மா இருப்பதில்லை. எபிரேயத்திலும் இதற்கு இணையான ஓர் அழகு உண்டு. காத்திருத்தலைக் குறிக்கும் வினையோடு உறவுடைய ‘திக்வா’ என்ற சொல்லுக்கு நம்பிக்கை என்றும் கயிறு என்றும் பொருள். எரிகோ நகரம் தாக்கப்படும்போது தன் வீடு தப்புவதற்கு அடையாளமாக இராகாபு பலகணியில் கட்டிய சிவப்புக் கயிற்றை யோசுவா நூல் இச்சொல்லாலேயே குறிக்கிறது. அவள் கயிற்றைக் கட்டினாள், வீட்டாரை உள்ளே கூட்டிச் சேர்த்தாள், பிறகு காத்திருந்தாள். இக்காலத்தில் நாம் செய்ய வேண்டியதும் ஏறக்குறைய அதுவே.

ஒரே ஒரு திரியின் வெளிச்சத்தில் அமருங்கள்

மலர்வளையத்தில் வாரத்துக்கு ஒரு மெழுகுதிரியாக ஏற்றும் வழக்கம் பழமையானது போலத் தோன்றினாலும் அது பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஹாம்பர்க் நகரில் ஏழைச் சிறுவர்களுக்கான இல்லம் ஒன்றை நடத்திவந்த லூத்தரன் போதகர் யோஹான் ஹின்ரிஹ் விஹெர்ன், விழா எப்போது வரும் என்று ஓயாமல் கேட்ட பிள்ளைகளுக்காக 1839இல் ஒரு வண்டிச் சக்கரத்தில் திரிகளைப் பொருத்தி வைத்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய வெள்ளைத் திரிகள், மற்ற நாள்களுக்குச் சிறிய சிவப்புத் திரிகள். பொறுமையின்மைக்கு அவர் தந்த மறுமொழி அறிவுரை அன்று. கண்ணால் பார்த்து எண்ணக்கூடிய ஒரு பொருள். பெரியவர்களுக்கும் அதுவே தேவைப்படுகிறது என்பது என் எண்ணம்.

இன்று பெரும்பாலான இல்லங்களில் மூன்று ஊதாத் திரிகளும் மூன்றாம் ஞாயிறுக்கு ஒரு ரோசா நிறத் திரியும் வைக்கிறார்கள். வளையம் இல்லையென்றால் நான்கு சாதாரணத் திரிகளே போதும். நிறம் முக்கியமில்லை, வரிசை முக்கியம். மாலையில் ஒரே நேரத்தில் அறையின் விளக்குகளை அணைத்துவிட்டு அந்த வாரத்துக்கு உரிய திரிகளை மட்டும் ஏற்றுங்கள். முதல் வாரத்தில் ஒன்றுதான். அந்த ஒற்றை வெளிச்சம் போதாது என்று தோன்றும். புத்தகத்தின் எழுத்து சரியாகத் தெரியாது. பிள்ளைகள் இன்னொன்றையும் ஏற்றச் சொல்வார்கள். ஏற்றாதீர்கள். போதாமையோடு இருக்கப் பழகுவதே முதல் வாரத்தின் பாடம்.

திரியின் முன் என்ன செய்வது? அந்நாளின் வாசகத்திலிருந்து சில வசனங்களை உரக்க வாசியுங்கள். பிறகு சிறிது நேரம் பேசாமல் இருங்கள். இறுதியில் 130ஆம் திருப்பாடலைச் சொல்லுங்கள். விடியலுக்காகக் காத்திருக்கும் காவலரைவிட என் நெஞ்சம் ஆண்டவருக்காகக் காத்திருக்கிறது என்னும் பொருள்பட அதில் வரும் அடி அடுத்தடுத்து இருமுறை வருகிறது. காவலர் விடியலை உண்டாக்குவதில்லை, விரைவுபடுத்துவதும் இல்லை. ஆனால் அது வரும் என்பதில் அவருக்கு ஐயமும் இல்லை. இவ்வளவுக்கும் சேர்த்துப் பத்து நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் நாளின் உற்சாகத்தில் அரைமணி நேரம் என்று தீர்மானிப்பவர்கள் ஐந்தாம் நாளில் நிறுத்திவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்படி நிறுத்தியவர்களில் நானும் ஒருவன்.

சிறுவர்கள் இருக்கும் வீட்டில் இன்னொன்றும் செய்யலாம். அச்சிட்ட திருவருகை நாட்காட்டிகள் வருவதற்கு முன்னர் ஜெர்மானியக் குடும்பங்களில் கதவின் மேல் சுண்ணக்கட்டியால் 24 கோடுகள் போட்டு, நாளுக்கு ஒன்றாக அழிக்கும் வழக்கம் இருந்தது. இனிப்பும் பரிசும் நிறைந்த நாட்காட்டியைவிட இந்தக் கோடுகள் மேலானவை என்பேன். தினமும் ஒரு பரிசு கிடைத்தால் காத்திருப்பு மறந்துபோகிறது. தினமும் ஒரு கோடு குறைந்தால் அது கூர்மையாகிறது.

முன்கூட்டியே கொண்டாடாதிருத்தல்

இக்காலத்தில் வரும் பெரிய சோதனை, விழாவை முன்னுக்கு இழுத்துக்கொள்வது. டிசம்பர் முதல் வாரத்திலேயே பாடலும் விருந்தும் பரிசும் முடிந்துவிட்டால் 25ஆம் நாளுக்கு மிஞ்சுவது களைப்பு மட்டுமே. திருவழிபாடு இதில் ஒரு நுட்பமான அளவைக் கடைப்பிடிக்கிறது. திருவருகைக் கால ஞாயிறுகளில் ‘உன்னதங்களிலே’ என்னும் வானவர் கீதத்தை அது பாடுவதில்லை; ஏனெனில் அது பிறப்பு இரவில் வானதூதர் பாடியது. ஆனால் தவக்காலத்தில் விட்டுவிடும் ‘அல்லேலூயா’வை இப்போது விடுவதில்லை. துக்கம் அனுசரிக்கும் காலம் இது அன்று; பசியோடு பந்தியில் அமர்ந்திருக்கும் காலம். அந்த வேறுபாட்டை வீட்டிலும் கடைப்பிடிக்கலாம்.

அலங்காரத்தை ஒரே நாளில் முடிக்காமல் வாரத்துக்குச் சிறிதாகச் செய்யுங்கள். குடில் அமைப்பதானால் முதலில் வெறும் தொழுவத்தை மட்டும் வையுங்கள், பின்னர் கால்நடைகள், டிசம்பர் 17க்குப் பிறகு மரியாவும் யோசேப்பும். தீவனத் தொட்டி 24ஆம் நாள் இரவு வரை வெறுமையாகவே இருக்கட்டும். ஞானிகளை அறையின் மறுகோடியில் ஓர் அலமாரியின் மேல் வைத்துவிட்டு, ஞானிகள் குழந்தையைக் கண்டதை நினைவுகூரும் திருக்காட்சிப் பெருவிழா வரை நாள்தோறும் சிறிது நகர்த்தி வாருங்கள். வெறுமையான தொட்டியைக் கடந்து போகும் ஒவ்வொரு முறையும் மனம் ஒரு நொடி நிற்கும்; அந்த நொடி எந்தத் தியான நூலையும்விடப் பயன்தரும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. பணியிடத்திலோ நண்பர் வீட்டிலோ டிசம்பர் 10ஆம் நாளே கிறிஸ்மஸ் விருந்துக்கு அழைத்தால் போய்வாருங்கள், மகிழ்ந்திருங்கள். திருவருகைக் காலத்தில் பாடக்கூடாத பாடலைப் பாடிவிட்டார்கள் என்று அங்கே முகம் சுளித்து நிற்பவர் நோன்பைக் காத்துப் பொறுமையைத் தொலைத்தவர் ஆவார். உங்கள் வீட்டுக்குள் நீங்கள் கடைப்பிடிக்கும் ஒழுங்கு பிறரை அளக்கும் கோல் அன்று.

ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு வேலை

முதல் வாரத்தின் வேலை விழிப்பு. மாற்கு நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில், நெடும்பயணம் போகும் வீட்டுத் தலைவர் பணியாளர் ஒவ்வொருவருக்கும் அவரவர் வேலையைக் கொடுத்துவிட்டு, வாயில் காவலரை விழித்திருக்கச் சொல்கிறார். விழித்திருப்பது என்றால் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பது அன்று. கையில் உள்ள வேலையைத் தலைவர் எந்த நேரத்தில் வந்தாலும் காட்டக்கூடிய நிலையில் வைத்திருப்பது. இதற்குச் சிறிய களம் ஒன்று நாள்தோறும் கிடைக்கிறது. வரிசையில் நிற்கும்போதும், பேருந்துக்காக நிற்கும்போதும், மின்தூக்கி வரும் வரையிலும் கை தானாகவே கைப்பேசியைத் தேடும். இந்த ஒரு வாரத்துக்கு அத்தகைய இரண்டு மூன்று நிமிடங்களில் கைப்பேசியை எடுக்காமல் சும்மா நின்று பாருங்கள். நம்மால் மூன்று நிமிடம்கூடக் காத்திருக்க முடியவில்லை என்பது அப்போது தெரியவரும். அந்த அறிவே நல்ல தொடக்கம்.

இரண்டாம் வாரம் திருமுழுக்கு யோவானுக்கு உரியது. வழியை ஆயத்தமாக்குவது என்று அவர் சொன்னது எதை என்று அவரிடமே மக்கள் கேட்டார்கள்; லூக்கா அந்த மறுமொழியைப் பதிவு செய்திருக்கிறார். இரண்டு அங்கி வைத்திருப்பவர் ஒன்றை இல்லாதவரோடு பகிர வேண்டும். வரி தண்டுவோர் விதித்ததற்கு மேல் வாங்கக் கூடாது. படைவீரர் எவரையும் மிரட்டிப் பணம் பறிக்கக் கூடாது. எல்லாமே அந்த வாரத்துக்குள் செய்து முடிக்கக்கூடியவை. எனவே திருப்பித் தர வேண்டிய பணம், மறுமொழி எழுதாமல் விட்ட கடிதம், பேச்சு நின்றுபோன உறவு ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்து இந்த வாரத்தில் சரிசெய்யுங்கள். ஒப்புரவு அருட்சாதனத்துக்கு (பாவசங்கீர்த்தனத்துக்கு) போகும் வழக்கமுள்ளவர்கள் இதே வாரத்தில் போய்விடுவது நல்லது. கடைசி நாள்களில் வரிசை நீளமாக இருக்கும், மனமும் வேறெங்கோ இருக்கும்.

மூன்றாம் வாரம்தான் கடினமானது. மகிழுங்கள் என்று பிலிப்பியருக்குப் பவுல் எழுதியதை வைத்து இந்த ஞாயிறை மகிழ்ச்சி ஞாயிறு என்கிறோம். அருள்பணியாளர் ரோசா நிறத் திருவுடை அணியலாம். ஆனால் மத்தேயு ஆண்டில் இதே ஞாயிறன்று வாசிக்கப்படும் நற்செய்தி ஒரு சிறைச்சாலையில் தொடங்குகிறது. வழியை ஆயத்தம் செய்த அதே யோவான், வரவேண்டியவர் நீர்தாமா அல்லது வேறொருவருக்காகக் காத்திருக்க வேண்டுமா என்று ஆளனுப்பிக் கேட்கிறார். காத்திருப்பின் நடுவில் ஐயம் வருவது நம்பிக்கையின் தோல்வி என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் நின்று வாசிக்க வேண்டும். பெண்களிடம் பிறந்தவருள் இவரைவிடப் பெரியவர் தோன்றவில்லை என்று இயேசு யோவானைப் பற்றிச் சொன்னது இந்தக் கேள்வி வந்த பிறகுதான்.

இயேசு அனுப்பிய மறுமொழியையும் கவனியுங்கள். ஆம், நான்தான் என்று அவர் சொல்லவில்லை. நீங்கள் கேட்பதையும் காண்பதையும் போய் அறிவியுங்கள் என்றார்: பார்வையற்றோர் பார்க்கிறார்கள், கால் ஊனமுற்றோர் நடக்கிறார்கள், ஏழைகளுக்கு நற்செய்தி அறிவிக்கப்படுகிறது. சிறைக்கதவு திறக்கும் என்ற செய்தி அந்தப் பட்டியலில் இல்லை. யோவான் கேட்டது ஒன்று, கிடைத்தது வேறொன்று. ஆனால் கிடைத்தது பொய்யன்று. இந்த வாரத்தில் இரவு படுக்கும் முன், அன்று நீங்கள் கண்டதும் கேட்டதுமான ஒரு நன்மையை ஒரே வரியில் எழுதி வையுங்கள். உங்கள் காத்திருப்போடு அதற்குத் தொடர்பு இருக்க வேண்டியதில்லை. தொடர்பில்லாமல் இருப்பதே பெரும்பாலும் நல்லது. நம் வேண்டுதலின் துவாரத்தின் வழியாக மட்டுமே கடவுளைப் பார்க்கும் பழக்கம் அதனால் சற்றுத் தளரும்.

அதே ஞாயிறின் இரண்டாம் வாசகத்தில் யாக்கோபு தம் மடலில் பயிரிடுபவரை எடுத்துக்காட்டாகத் தருகிறார். பாலஸ்தீனத்தில் முன்மழை இலையுதிர்காலத்தில் நிலத்தை இளக்கும். பின்மழை வசந்தத்தில் கதிரை முற்றச் செய்யும். இரண்டுக்கும் இடையில் பல மாதங்கள். பயிரிடுபவர் அந்த மாதங்களில் உழுகிறார், விதைக்கிறார், களை எடுக்கிறார். ஆனால் மழையைப் பெய்விக்க அவரால் முடியாது, முளையைப் பிடித்து இழுத்து வளர்க்கவும் முடியாது. தன் கையில் உள்ளதையும் தன் கையில் இல்லாததையும் பிரித்து அறிந்திருப்பதுதான் அவருடைய பொறுமை. விதைத்த இடத்தைத் தினமும் கிளறிப் பார்ப்பவருக்குப் பயிர் கிடைக்காது. உங்கள் தாளின் முதல் வரியை இந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள்: அதில் இன்னும் உழ வேண்டியது எது, மழைக்கு விட வேண்டியது எது?

நான்காம் வாரம் பெரும்பாலும் குறுகியது. சில ஆண்டுகளில் ஒரு பகல் மட்டுமே. நற்செய்தி அப்போது மரியாவையும் யோசேப்பையும் எலிசபெத்தையும் நோக்கித் திரும்புகிறது. இங்கே புதிதாக எதையும் தொடங்க வேண்டாம். டிசம்பர் 17 முதல் 23 வரை மாலைப் புகழில் மரியாவின் பாடலுக்கு முன்னும் பின்னும் பாடப்படும் ‘ஓ’ என்று தொடங்கும் ஏழு முன்மொழிகளை (சிறு பாடல் வரிகளை) நாளுக்கு ஒன்றாகச் சொல்லி வந்தால் போதும். ஓ ஞானமே, ஓ ஆண்டவரே, ஓ ஈசாயின் வேரே, ஓ தாவீதின் திறவுகோலே, ஓ விடியலே, ஓ மக்களினங்களின் அரசரே, ஓ இம்மானுவேலே என்று அவை அழைக்கின்றன. ஒவ்வொன்றும் ‘வாரும்’ என்ற வேண்டுதலில் போய் நிற்கிறது. இவற்றின் லத்தீன் வடிவத்தில் ‘ஓ’வுக்கு அடுத்து வரும் சொற்களின் முதல் எழுத்துகளைக் கடைசியிலிருந்து கூட்டிப் படித்தால் ‘எரோ கிராஸ்’, அதாவது ‘நாளை இருப்பேன்’ என்று வரும். ஏழு நாள் கூப்பிட்டவர்களுக்கு ஏழாம் நாள் மாலையில் அந்தக் கூப்பாட்டுக்குள்ளிருந்தே மறுமொழி கிடைக்கிறது. இது திட்டமிட்டுச் செய்யப்பட்டதோ தற்செயலோ, எனக்கு இது பிடித்திருக்கிறது.

பொறுமை அறுந்துபோகும்போது

அறுந்துபோகும் என்பதை முதலிலேயே ஏற்றுக்கொள்ளுங்கள். ஒரு மாலை திரி ஏற்ற மறந்துவிடுவீர்கள், ஒரு நாள் எல்லார் மீதும் எரிந்து விழுவீர்கள். விட்ட நாள்களைச் சேர்த்து ஈடுகட்ட முயல வேண்டாம்; மறுநாள் அந்த நாளுக்கு உரியதை மட்டும் செய்யுங்கள். குறைகூறும் பேச்சு மிகுந்துவிட்டதாகத் தோன்றினால் திருமுழுக்கு யோவானின் தந்தை செக்கரியாவை நினையுங்கள். வானதூதரின் சொல்லை நம்பாத அவர், யோவான் பிறந்து பெயரிடும் நாள் வரை பேச்சின்றி இருந்தார். அந்த மௌனத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்தது முறையீடு அன்று, புகழ்ப்பாடல். ஒரு நாள் முழுவதும், அல்லது ஒரு மாலையாவது, புலம்பலை மட்டும் நிறுத்திப் பாருங்கள். மற்றப் பேச்சு இருக்கட்டும்.

கடவுள் தாமதிக்கிறார் என்ற கசப்பு வேறு வகையானது. பேதுருவின் இரண்டாம் மடல் அதற்கு எதிர்பாராத திசையிலிருந்து மறுமொழி சொல்கிறது. அவர் காலம் தாழ்த்துவதாக நமக்குத் தோன்றுவது உண்மையில் நமக்காக அவர் காட்டும் பொறுமையே என்கிறது. நாம் மட்டும் காத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்த இடத்தில், நம் மனமாற்றத்துக்காக அவரும் காத்துக்கொண்டிருக்கிறார் என்றால், ‘இன்னும் எத்தனை நாள்’ என்ற கேள்வியை இரண்டு பக்கமிருந்தும் கேட்கலாம்.

தாமே விரும்பி ஏற்காத காத்திருப்பில் இருப்பவர்களுக்கு, நோயிலும் இழப்பிலும் சிறையிலும் இருப்பவர்களுக்கு, மேலே சொன்ன பயிற்சிகளில் பல பொருந்தாமல் போகலாம். ஜெர்மானிய லூத்தரன் போதகர் டீட்ரிச் போன்ஹோஃபர் பெர்லினின் தேகல் சிறையிலிருந்து 1943 நவம்பரில் எழுதிய கடிதம் ஒன்றில் சிறை அறையைத் திருவருகைக் காலத்தோடு ஒப்பிட்டார். அங்கே ஒருவர் காத்திருக்கிறார், நம்புகிறார், அதையும் இதையும் செய்துகொண்டிருக்கிறார். ஆனால் கதவு வெளியிலிருந்து மட்டுமே திறக்கப்பட முடியும் என்பது அவர் கருத்து. அவருக்கு விடுதலையின் கதவு திறக்கவில்லை. 1945 ஏப்ரல் 9 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார். அதையும் சேர்த்துச் சொல்லாமல் அந்த ஒப்புமையை மட்டும் சொல்வது நேர்மையாகாது. நீங்கள் இத்தகைய இடத்தில் இருந்தால், இந்த ஆண்டு ஒரு திரியை ஏற்றி, பேசாமல் அதன் அருகில் இருந்தாலே போதும். செபிக்க முடியவில்லை என்றால் வேறொருவரிடம் உங்களுக்காகச் செபிக்கச் சொல்லுங்கள்.

இங்கே பொறுமையைப் பற்றிய ஒரு தவறான புரிதலையும் விலக்கிவிட வேண்டும். பொறுமையாயிருங்கள் என்று எழுதிய அதே யாக்கோபு, அதற்கு நேர் முந்தைய வசனங்களில், கூலியாள்களுக்குத் தர வேண்டிய கூலியைப் பிடித்து வைத்த செல்வர்களைக் கடுமையாகச் சாடுகிறார். அந்தக் கூலியே கூக்குரலிடுகிறது என்கிறார். ஆகவே அநீதியின் முன் வாய்மூடி இருப்பதை அவர் பொறுமை என்று சொல்லவில்லை. வீட்டில் அடிக்கப்படுபவரிடம் பொறுத்துக்கொள்ளச் சொல்வதும், சிகிச்சை தேவைப்படுபவரிடம் காத்திருக்கச் சொல்வதும், மனச்சோர்வில் மூழ்கியவரிடம் விசுவாசம் போதாது என்று சொல்வதும் திருவருகைக் காலத்தின் பெயரால் செய்யப்படும் தவறுகள். உழ வேண்டிய இடத்தில் உழத்தான் வேண்டும்.

25ஆம் நாளும் அதற்குப் பின்னும்

24ஆம் நாள் இரவு வந்ததும் குழந்தையைத் தொட்டியில் வையுங்கள். வீட்டில் மிக இளையவர் கையால் வைக்கச் செய்வது அழகு. அதன் பிறகு அவசரப்பட வேண்டாம். ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கவில்லை என்ற பழமொழி இந்த நாள்களுக்காகவே சொன்னது போலிருக்கிறது. நான்கு வாரம் காத்திருந்துவிட்டு 26ஆம் நாள் காலையில் அலங்காரத்தைக் கழற்றுபவர்கள் நம்மில் பலர். கிறிஸ்து பிறப்பு விழா ஒரு பகலில் முடிவதன்று. சனவரி 1 வரை எட்டு நாளும் அது ஒரே விழா. அதன் காலமோ ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை நீள்கிறது. டிசம்பரில் நீங்கள் தள்ளிவைத்த பாடல்களையும் சந்திப்புகளையும் இந்த நாள்களில் பரப்பி வைத்துக்கொள்ளலாம். காத்திருந்தவர்களுக்குத்தான் நீண்ட விருந்து செரிக்கும்.

லூக்கா நற்செய்தியில் மிக நீண்டகாலம் காத்திருந்த இருவர் பிறப்பு இரவில் பெத்லகேமில் இல்லை. இஸ்ரயேலின் ஆறுதலை எதிர்நோக்கியிருந்த சிமியோனும், கைம்பெண்ணாகவே 84 வயதை எட்டிய அன்னாவும் எருசலேமில் இருந்தார்கள். இடையர்கள் ஓடிப் பார்த்து மகிழ்ந்து திரும்பிய பிறகும் அவர்கள் காத்துக்கொண்டுதான் இருந்தார்கள். நாற்பது நாள் கழித்துத்தான் குழந்தை அவர்கள் இருந்த கோவிலுக்குக் கொண்டுவரப்பட்டது. அந்த நாளைத் திருச்சபை பிப்ரவரி 2 அன்று கொண்டாடுகிறது. விவிலியத்துக்குள் மடித்து வைத்த தாளை அன்று எடுங்கள். முதல் வரி நிறைவேறியிருந்தால் அதனருகில் தேதியை எழுதுங்கள். நிறைவேறவில்லை என்றால், எஞ்சியிருக்கும் திரியை ஏற்றி, அந்த வரியைச் சிமியோனும் அன்னாவும் நின்ற இடத்தில் நின்று ஒருமுறை வாசித்துவிட்டுத் தாளை மீண்டும் அதே பக்கத்தில் வையுங்கள்.